கவிழ்த்துக் காட்டிய பஞ்சாமிர்தம்

விமானத்தில் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்ற விதிகளை ஒருவரி விடாமல் படித்தவர்கள் உலகத்தில் இரண்டே தரப்பினர். ஒன்று, அவற்றை எழுதியவர்கள். இன்னொன்று, நான். ("எழுதுனவங்களே படிச்சிருக்க மாட்டாங்க" என்பது என் மனைவி தெய்வானையின் கட்சி.)

கொடைக்கானல் பஜாரில் எனக்கு நோட்டுப் புத்தகக் கடை. மழைக்காலத்தில் மூடுபனி கடைக்குள் வந்து உட்காருமே தவிர, வாடிக்கையாளர் வரமாட்டார். அப்போது பத்திரிகை படிப்பேன். முக்கியம் என்று தோன்றுவதை வெட்டி, தலைப்பில் சிவப்பு மையால் தேதி போட்டு வைப்பேன். இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில் திரவங்கள்மேல் கட்டுப்பாடு விழுந்ததிலிருந்து இந்த விதிகளின் வரலாறு என்னிடம் தேதிவாரியாக இருக்கிறது. பவர் பேங்க் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான் என்றார்கள். பிறகு கைப்பையில் இருக்கலாம், ஆனால் மேலே போனபின் தொடக் கூடாது என்றார்கள். தேங்காய் ஆகாது என்றார்கள். சபரிமலை சீசன் வந்ததும் இருமுடிக்குள் இருந்தால் ஆகும் என்றார்கள். இத்தனையும் எனக்கு அத்துபடி. ஒரே ஒரு குறை, அதுவரை நான் விமானத்தில் ஏறியதில்லை.

ஏற வேண்டிய நாள் ஒரு சித்திரையில் வந்தது. எங்கள் மகன் பாணிக்கு சிங்கப்பூரில் வேலை. பெண்ணும் அங்கேயே அமைந்தது. பெண்ணின் அப்பா சிதம்பரத்துக்குப் பூர்வீகம் ஒட்டன்சத்திரம், எனக்குப் பழனி. எங்கள் இரு பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளையின் அப்பா பெண்ணின் அப்பா உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வைத்த பிறகுதான் சம்பந்தப் பேச்சைத் தொடங்கலாம். அதற்கு முன் பேசியதெல்லாம் ஊர்க்கதை. பாணிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடாமல் போயிருந்தது. சிதம்பரமோ சிங்கப்பூருக்குப் போனபின் வழக்கங்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டவர். போனிலேயே சொல்லிவிட்டார்: "தட்டு, சேலை எதுவும் வேணாங்க. பஞ்சாமிர்தம் மட்டும் கொண்டாந்துருங்க. அதில்லாம எங்க வீட்ல பேசுறதில்ல."

பாச்சலூரிலிருந்து வந்த சிறுமலை வாழைப்பழத்தைப் போட்டு வீட்டிலேயே செய்து, பழனி மலைக்குப் போய் முருகன் முன்னால் வைத்து எடுத்துவந்தோம். எவர்சில்வர் தூக்கு நிறைய இருந்தது.

"நல்லா மூடிக் கட்டிப் பெரிய பெட்டியில போட்டுருவோம்" என்றாள் தெய்வானை.

"அந்தப் பெட்டியில என்னென்ன இருக்கு?"

"துணிமணி, ஒங்க செருப்பு."

"பிரசாதத்தைச் செருப்போட அனுப்புறியா?"

"செருப்பை வெளிய எடுங்களேன்."

(இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதை அப்போது காட்டிக்கொள்ளவில்லை. இப்போதும் காட்டிக்கொள்ள உத்தேசமில்லை.)

"நம்ம பெட்டியில இருக்காது. ஆனா அது மேல இன்னொருத்தன் பெட்டி ஏறும். அதுல செருப்பு இருக்கும். கைப்பையிலதான் போகும்."

"விட மாட்டாங்கன்னு பாணி சொன்னானே."

"திரவத்தைத்தான் விட மாட்டாங்க. இது திரவமா?" என்று அடுக்களையிலிருந்து தூக்கைக் கொண்டுவந்து திறந்து, அவள் தலைக்கு நேர் மேலே கவிழ்த்துக் காட்டினேன். கொடைக்கானலின் ராத்திரிக் குளிரில் நெய் இறுகி, பஞ்சாமிர்தம் சிமெண்டு போல நின்றது. பொட்டு விழவில்லை.

தெய்வானை தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "ஒங்க இஷ்டம்" என்றாள். முப்பது வருட இல்லறத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் அறிந்திருக்க வேண்டும்.

வெள்ளனே கிளம்பினோம். பெருமாள்மலையில் டீ குடிக்கும்போது சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தேன். மலையிறங்கி வத்தலக்குண்டு வந்தபோது சால்வை மடிக்கு இறங்கியது. ஆடாமல் இருக்கட்டும் என்று அதைத் தூக்கைச் சுற்றிக் கட்டினேன். ஏ.சி. போட்டால் வண்டி இழுக்காது என்றார் ஓட்டுநர். மதுரையில் இறங்கும்போது எனக்கே நெய் உருகும் பதம். கம்பளிக்குள் கிடந்த தூக்கைப் பற்றி நான் நினைக்கவில்லை. தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. அருள் என்று எண்ணினேன்.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் எங்களுக்குப் பின்னால் காதர் பாய் நின்றார். பஜாரில் எனக்கு எதிர்க் கடை, ஸ்வெட்டர் வியாபாரம். மகளைப் பார்க்க அவரும் சிங்கப்பூருக்குத்தான் வந்தார். பெல்ட்டைக் கழற்றிச் சாம்பல் நிறத் தட்டில் சுருட்டி வைத்துவிட்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பட்டை ஓடும் அந்த இயந்திரத்துக்குள் போன என் பை மட்டும் தனியாக ஒதுக்கப்பட்டது.

"இது யார் பை?" என்றார் அதிகாரி. தமிழ்ப் பெண், இளவயது.

"என்னுதுங்க."

"உள்ள என்ன சார்?"

"பழனி பஞ்சாமிர்தம்."

அவர் முகத்தில் பக்தி ஒரு கணம் வந்து போனது. "சாமி பிரசாதம்தான் சார். ஆனா இவ்வளவு விட முடியாது. நூறு மில்லிதான் கணக்கு."

"அது திரவத்துக்குங்க. இது திரவமில்லை."

"பேஸ்ட், ஜெல் எல்லாம் அதுலதான் சார் வரும்."

"பல் வெளக்குற பேஸ்டும் பிரசாதமும் ஒண்ணாம்மா?" என் குரல் உயர்ந்தது. கைப்பையிலிருந்து சிவப்புத் தேதி போட்ட வெட்டுத்தாள்களை எடுத்தேன். தேங்காய்க்குக் கதவு திறந்த கதையைச் சொன்னேன். "இருமுடிக்கு ஒரு நியாயம், எங்க முருகனுக்கு ஒரு நியாயமா?"

"ஏங்க, வரிசை நிக்குது" என்றாள் தெய்வானை.

"நிக்கட்டும். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அண்ணே, வெரசா முடிங்க. எனக்குக் கைலி மாதிரி எறங்குது" என்றார் காதர் பாய்.

நான் யாருக்கும் அசைவதாக இல்லை. "திரவம்னா ஊத்தும்ல? பாருங்க" என்று பையிலிருந்த தூக்கை எடுத்து மூடியைத் திறந்தேன். "வேணாம் சார்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தூக்கைக் கவிழ்த்துக் காட்டினேன்.

முதலில் ஒன்றும் விழவில்லை. அந்த ஒரு மூச்சு நேரம் நான் உலகத்தை வென்றவனாக நின்றேன். பிறகு ஒரு பேரீச்சம்பழம் மெல்ல எட்டிப் பார்த்தது. அதன்பின் மொத்தமும், நெய் மினுங்க, காதர் பாயின் தட்டுக்குள் இறங்கியது. இறங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊற்றியது.

பெல்ட்டின் கொக்கி மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னண்ணே, எம் பெல்ட்டுக்கு அபிஷேகமா?" என்றார் காதர் பாய்.

"இப்ப என்ன சார் சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

என்ன சொல்வது? உண்மையைத்தான் சொன்னேன். "இது மதுரையோட தப்புங்க. எங்க ஊர்ல விழாது."

துப்புரவுக்காரர் கறுப்புப் பையோடு வந்தார். பிரசாதத்தைக் குப்பையில் போடுவதா? தட்டின் குறுக்கே கையை நீட்டி மறித்தேன். "கைது பண்ணுனாலும் சரி, குப்பைக்குப் போக விட மாட்டேன்." வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "முருகா" என்று பெல்ட் படாத ஓரமாக ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தார். பின்னால் இருந்தவர்களும் கை நீட்டினார்கள். மதுரையில் பிரசாதத்துக்கு வரிசை கலைவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அத்தனை பேரும் அதே விரல்களால் பாஸ்போர்ட்டைத் தொட்டார்கள், தட்டுகளைத் தொட்டார்கள், மடிக்கணினிகளைத் தொட்டார்கள். வெல்லப்பாகின் தடம் இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. உயரதிகாரி ஒருவர் ஓடிவந்தார். அவருக்கு விதிகளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து விளக்கினேன். எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தபோது நான் இன்னும் பவர் பேங்கைத் தாண்டவில்லை.

"போதும், வாங்க" என்று தெய்வானை முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

விமானம் மேலே போனபின்தான் எனக்குப் புத்தியில் உறைத்தது. சிதம்பரத்தின் கையில் எதை வைப்பேன்? பாணியின் முகம் கண்ணில் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக விமானத்திலிருந்து மேகத்தைப் பார்க்கிறேன், அது எனக்குப் பஞ்சாமிர்தமாகத் தெரிகிறது.

"மூணாவது இடமும் போச்சு" என்றேன்.

தெய்வானை மடியிலிருந்த பையைத் திறந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் விபூதி டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பஞ்சாமிர்தம்!

"எப்படி?"

"நீங்க அந்தப் பெரிய ஆபீசருக்குச் சோலி வச்சிக்கிட்டு இருந்தீங்கள்ல, அப்ப. தூக்கு அடியில ஒட்டிக் கெடந்துச்சு. விபூதியைத் தாள்ல கொட்டிட்டு வழிச்சு இதுல போட்டேன். அந்தப் பிள்ளை பாத்துட்டு, இது நூறுக்கும் கம்மிதாம்மா, கொண்டு போங்கன்னுச்சு."

"நீ விதியை ஒத்துக்கிட்டியா?"

"நான் எம் மகனுக்குப் பொண்ணு பாக்கப் போறேங்க."

சிங்கப்பூரில் மறுநாள், டப்பாவிலிருந்து சுண்டைக்காய் அளவு எடுத்துச் சிதம்பரத்தின் உள்ளங்கையில் வைத்தேன். எடுக்கும்போதே விபூதி கலந்திருந்தது தெரிந்தது. அவர் வாயில் போட்டார். கண்ணை மூடினார். சற்றுப் பொறுத்து அவர் கண் திறந்தபோது நனைந்திருந்தது.

"பஞ்சாமிர்தம் எல்லாரும் கொண்டாருவாங்க. சன்னதியில நிக்கிற வாசத்தைக் கொண்டாந்திருக்கீங்களே சம்பந்தி!"

தெய்வானை என்னைப் பார்க்கவில்லை. நானும் எதையும் மறுக்கவில்லை.

கல்யாணம் முடிந்தது. தன் இரண்டாவது மகளைக் கேட்டு வந்தவர்களிடம், பஞ்சாமிர்தத்தில் துளி விபூதி கலந்து, சின்ன டப்பாவில்தான் தர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம் சிதம்பரம். அதுவே அவர்கள் வழக்கமாம், பரம்பரையாகவாம். வழக்கங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தலை நரைத்த அறிஞர்கள் தேடுகிறார்கள். இந்த வழக்கம் பிறந்த தேதி என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது நான் எதை உறுதியாகச் சொன்னாலும் யாராவது ஒருவர் "கவுத்துக் காட்டுங்க" என்கிறார்கள். இன்று மழை வராது என்றால் கவுத்துக் காட்டுங்க. ரத்தக் கொதிப்பு இல்லை என்றால் கவுத்துக் காட்டுங்க. காதர் பாய் எதிர்க் கடையிலிருந்தே கத்துவார். சமீபத்தில், வெளிநாட்டில் சில விமான நிலையங்களில் புது இயந்திரம் வந்து நூறு மில்லிக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள் என்ற செய்தியை வெட்டி, தேதி போட்டு, மருமகளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "பாத்தியாம்மா, அன்னைக்கே நான் சொன்னேன்."

மருமகள் மரியாதையாகச் சொன்னாள்: "சரிங்க மாமா. இந்தத் தடவை வரும்போது பஞ்சாமிர்தத்தை அத்தை கைலயே குடுத்துருங்க."