ஒரு மூடித் தேங்காயும் இருநூறு பித்தளைக் கூடும்

"இது என்னங்க?"

பத்து நிமிஷமாகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த டிரையரைத் திறந்து, அடியிலிருந்து எதையோ பொறுக்கி எடுத்துக் கேட்டாள் சியாமளா. கம்பளிக் கையுறை போட்ட விரல்களுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் பளபளத்தது.

நாகசுப்பிரமணியன் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கினார்.

"பேனா மூடி."

"இவ்வளவு கனமாவா?"

"பழைய காலத்துப் பேனா."

"பேனா எங்கே?"

"தொலைஞ்சு போச்சு. அதான் மூடியை மட்டும் வச்சிருக்கேன். ஒரு ஞாபகத்துக்கு."

"பத்திரம். இதையும் தொலைச்சுட்டா எதை வச்சு ஞாபகம் வச்சுப்பீங்க?" என்று அதை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்று பாலங்கள் தாங்கும் பாரத்தைக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பொய் எவ்வளவு பாரம் தாங்கும் என்று மட்டும் இன்றுவரை கணக்குப் போட வந்ததில்லை.

அது பேனா மூடி இல்லை. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூடு. ஐந்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் "செஸ் கிளப்புக்குப் போயிட்டு வரேன்" என்று அவர் போனது, மொன்ட்ரியாலின் மேற்கு ஓரத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி ஒரு வயலோரத்தில் இருந்த குறிபார்த்துச் சுடும் கிளப்புக்கு. காகித வட்டங்களைத் தவிர வேறு எந்த ஜீவனையும் அவர் சுட்டதில்லை. ஆனாலும் அதைச் சியாமளாவிடம் சொல்ல முடியாது. 1969ல் மாம்பலத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், என்.சி.சி.யில் சுடுவதற்கு மெடல் வாங்கிய பெருமையை வாய் தவறி அளந்துவிட்டார். "துப்பாக்கியைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினாத்தான் பொண்ணு" என்றார் வருங்கால மாமனார். காபி ஆறுவதற்குள் சத்தியம் செய்தாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்ற சியாமளா அதைக் கேட்டாள்.

தெரிந்தால் துப்பாக்கி போகும். அதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு "வெளியே பனி கொட்டுது" என்று அவர் சொன்னால்கூட அவள் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அதைத் தாங்க அவரால் ஆகாது.

துப்பாக்கியும் வெடிமருந்தும் நண்பர் பெர்த்ரான் வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. காலிக் கூடுகள் மட்டும் கோட்-டெ-நெய்ஜில் இவர் வீட்டு பேஸ்மென்டுக்கு வரும். துடைத்து, வாய் ஓரத்துப் பிசிறைச் சீவி, அடிக்குழியில் படிந்த கரியைச் சுரண்டினால் கூடு மறுபடி பயன்படும். பம்பரம் போல ஒரு சின்னக் கத்தியை விரலால் திருகித் திருகிச் செய்கிற வேலை. போன வருஷம் மூட்டுவாதம் வந்தது. "திருகுகிற வேலையே வேண்டாம்" என்றார் டாக்டர். வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறந்து மூன்று மாதமாகிறது. சியாமளா அவரிடம் நீட்டுவாள், அவர் திருகுவதுபோல் பாவனை செய்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி, உடம்புக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வருகிற ஞாயிறு கிளப்பில் போட்டி. இருநூறு கூடு வேண்டும். காலையில் பத்து முடித்து வலி தாங்காமல் மேலே போவார். மறுநாள் பார்த்தால் டப்பாவில் பதினைந்து இருக்கும், கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டு. நாம் செய்தது நமக்கே மறந்துபோகிறதே, மூளையும் போய்விட்டதா என்று அதற்கும் தனியாகப் பயந்தார்.

"மோட்டார் வைத்தது வாங்கு" என்றார் பெர்த்ரான். "மூன்று விதம் இருக்கிறது. இரண்டு என்னிடமே உண்டு. பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்."

முதலில் டிரில். முனையில் கத்தியை மாட்டி ஓட்டியதும் கூட்டின் வாய் வெண்ணெய்போல் வழவழத்தது. ஆனால் விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதை அழுத்துகிற விரல்தான் மடங்காத விரல். போதாததற்குச் சத்தம், பல் டாக்டர் பத்துப் பேர் சேர்ந்தாற்போல்.

"கீழே என்ன சத்தம்?" மாடிப்படியிலிருந்து குரல் வந்தது.

"திரைச்சீலைக் கம்பியெல்லாம் ஆடுது. சரி பண்ணலாம்னு டிரில் வாங்கிட்டு வந்தேன்!"

"அப்பாடா! பத்து வருஷமா சொல்லிட்டிருக்கேன். பதினோரு ஜன்னலையும் பண்ணிடுங்க."

பதினோரு ஜன்னல் முடிந்தபோது அவரால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்தது பேட்டரியில் ஓடுகிற திருப்புளி. எடை இல்லை, சத்தமும் இல்லை. பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் கூட்டை இன்னொரு கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இடது கட்டைவிரல் அதற்குச் சம்மதிக்கவில்லை. கூடு நழுவியது, டப்பா சாய்ந்தது, நாற்பது பித்தளைக் கூடுகளும் சிமென்ட் தரையில் சலங்கை கட்டி ஆடின.

படியில் காலடிச் சத்தம். மூன்றாவது படி கிறீச்சிட்டது.

அவர் போர்வையை எடுத்துக் கூடுகள்மேல் வீசி, அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் எல்லாக் கூடுகளும் நின்றுகொண்டிருந்தன.

"என்னங்க இது, திருப்புளியோட தவம்?"

பயத்தில் அவர் கண்கள் அறையெல்லாம் சுற்றின. அலமாரியில் கொலுவுக்கு வாங்கிய தேங்காய்கள் கண்ணில் பட்டன.

"தேங்காய் துருவற மெஷின் பண்றேன். உனக்காக. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

சியாமளா கையுறைக்குள் விரல்களை மெல்ல நீவிக்கொண்டாள். "எனக்காகவா?" என்றாள்.

அந்தக் குரலில் இருந்த கனிவு, அடியிலிருந்த நாற்பது கூட்டையும்விட ஆழமாகக் குத்தியது.

மேலே போனவள் டெலிபோனை எடுத்தாள். "ரஞ்சனா? எங்க வீட்டுக்காரர் தேங்காய் துருவ மெஷின் கண்டுபிடிச்சிருக்கார்டி! ஆமா, என்ஜினீயர்னா சும்மாவா? நாளைக்கு வெள்ளிக்கிழமை கொலுவுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வா. எல்லார் முன்னாலயும் துருவிக் காட்டுவார்."

டெலிபோனை வைத்துவிட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். பிறகு இன்னொருத்தியை.

கீழே நாகசுப்பிரமணியன் ஐந்து விரலையும் மடக்கி எண்ணப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. மொன்ட்ரியால் தமிழ் டாக்டர்கள், பேராசிரியர்கள் அத்தனை பேரின் மனைவிமாரும் வரப்போகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

மிச்சம் இருந்தது மூன்றாவது விதம். ஒரு பெட்டி, அதன் தலையில் நின்று சுழலும் ஐந்து முனைகள். பெட்டி மேஜையில் உட்கார்ந்துகொள்ளும். கூட்டை உள்ளங்கையில் வைத்து முனைமேல் சாய்த்தால் போதும், விரலுக்கு வேலையே கிடையாது. சுழலுகிற முனை கூட்டைச் சீவும் என்றால் தேங்காயைச் சீவாதா? ஒரே பெட்டியில் போட்டியும் மானமும் பிழைக்கும்.

"வெளியே போறீங்கன்னா புளி வாங்கிட்டு வாங்க" என்றாள் சியாமளா.

"போன வாரம்தானே வாங்கினேன்?"

"தீர்ந்து போச்சு."

இடது பையில் ஒரு பித்தளைக் கூடு, வலது பையில் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு மூடித் தேங்காய். இப்படி அவர் மெட்ரோவில் ஏறினார், பிறகு பஸ் பிடித்து மொன்ட்ரியால்-நோருக்குப் போனார். எதிர் சீட்டில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். பையைக் காட்டச் சொன்னால் எதை முதலில் விளக்குவது? கூடாவது சட்டப்படி சரிதான். தேங்காய்க்கு அவரிடம் எந்தக் காரணமும் இல்லை. போலீஸ்காரர் "போன்ஜூர்" என்றார். இவர் "மெர்சி" என்று சொல்லிவிட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார்.

துப்பாக்கிக் கடையில் மேஜைமேல் மாதிரிக்கு ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நாகசுப்பிரமணியன் கூட்டைச் சாய்த்தார். உள்ளங்கையில் ஒரு பூனை உறுமுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். வலியே இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் கை அவர் சொன்னபடி கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில் மற்றப் பையிலிருந்து தேங்காயை எடுத்தார்.

விற்பனைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"முசியு, அது எந்த ரகத் துப்பாக்கி?"

வெள்ளைத் துருவல் கடை முழுக்கச் சிதறியது. பூவாய் விழுந்தது. நாகசுப்பிரமணியன் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

"ஒன்று கொடுங்கள்!"

"இருந்த ஒன்றும் காலையில் போய்விட்டது. இனி இரண்டு வாரம் ஆகும். இந்த மாதிரியை விற்க முடியாது." அவர் கண்ணாடியில் ஒட்டிய தேங்காயை எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது."

திரும்பி வரும் வழியெல்லாம் நாகசுப்பிரமணியன் ஒத்திகை பார்த்தார். "சியாமளா, நான் செஸ் விளையாடினதே இல்லை." வேண்டாம். "சியாமளா, அந்தப் பேனா மூடி..." அதுவும் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், ஜன்னலைத் திறந்து வெளியே பனியைப் பார்க்கும் சியாமளாதான் தெரிந்தாள். நாளைக்குப் பெண்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. புளியைக் கையில் கொடுத்த கையோடு.

தெருமுனை இலங்கைத் தமிழ்க் கடையில் குணேஸ்வரி கல்லாவில் இருந்தாள்.

"வாங்கோ அண்ணை. புளியோ? கிழமைக்கு ரெண்டு பக்கெற். உங்கட வீட்டில என்ன, ரசத்திலயே குளிக்கிறியள்?"

"ஒண்ணு கொடும்மா."

"ஏன் அண்ணை முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

அவருக்கு யாரிடமாவது ஒத்திகையைச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. "குணேஸ்வரி, உன் புருஷன் அஞ்சு வருஷமா உங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டிருந்தார்னு வச்சுக்கோ. இன்னிக்கு வந்து உண்மையைச் சொன்னா நீ என்ன பண்ணுவே?"

குணேஸ்வரி புளிப் பாக்கெட்டை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக் குனிந்து, கல்லாவுக்கு அடியிலிருந்து கனமான அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து மேலே வைத்தாள். பெட்டியின் மேல் படத்தில் ஐந்து முனைகள் நிமிர்ந்து நின்றன.

"சியாமளா அக்கா காலமை வாங்கிக்கொண்டு வந்து, நாளை வரைக்கும் ஒளிச்சு வையெண்டு தந்தவ" என்றாள். "ஆனா உங்களுக்கெண்டு நினைச்சுப்போடாதேங்கோ அண்ணை. நீங்கள் மேல வந்தாப் பிறகு ஒவ்வொரு நாளும் கீழ போய், உங்கட குழாயளுக்குக் கரி சுரண்டி, புளி போட்டு விளக்கி விளக்கி, இப்ப அவவின்ர கைதான் ஏலாமக் கிடக்கு."