பெப்பர்மிண்ட் டப்பா சொன்ன நெஞ்சுவலி

கடலூர் முதுநகர்,
17-3-67, வெள்ளிக்கிழமை

என் தம்பி பெண்சாதி அஜீசுன்னிசாவுக்கு, உன் நாத்தனார் சைதுன் பீவி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். மாடியில் கிடக்கும் வாளைக் கருவாடு மட்டும் சரியாகக் காயவில்லை, காரணம் கீழே வருகிறது. இந்தக் கடிதம் உனக்குத்தான். உன் புருஷன் நைனா முகம்மதுவோடு எனக்குப் பேச்சில்லை என்பது சிதம்பரம் முழுக்கத் தெரியும். நீ சத்தமாகப் படித்து அவன் காதில் விழுந்தால் நான் பொறுப்பில்லை.

கேட்க வந்தது ஒன்றுதான். அவனுக்கு நெஞ்சுவலி என்பது நிஜமா? ஆமா, இல்லை என்று ஒரு கார்டு போடு. எனக்கு இதைச் சொன்னது மனுஷன் இல்லை, பெப்பர்மிண்ட் டப்பா.

சிங்கப்பூரில் இருக்கும் என் பெரிய மகன் ஒரு பார்சல் அனுப்பினான். கைலியோ சென்ட்டோ என்று பிரித்தால், கொத்தமல்லி விதை மாதிரி கலர்க்கோடு போட்ட மணிகளும் செம்புக் கம்பியும். ரயில்வேயில் தந்தியடிக்கும் சின்னவன் அப்துல் வதூது அதையெல்லாம் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, பத்து நாள் வீட்டைப் புகைபோட்டு, பெப்பர்மிண்ட் டப்பாவுக்குள் அடைத்து, "உம்மா, இது ரேடியோ, மதராசுல பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிட்டேன்" என்றான். ரேடியோன்னா பாட்டு வரணுமில்ல? இது கீ, கீன்னு பல்லி மாதிரி கத்துது. முதல் ரெண்டு நாள் தொடப்பத்தை எடுத்துக்கிட்டு அலமாரிக்குப் பின்னாடி பல்லியைத்தான் தேடினேன். டார்ச்சு லைட்டுக்குப் போற கரண்டுகூட இதுக்கு வேணாமாம், ஆனா சிதம்பரம் வரைக்கும் போவுமாம். என் டார்ச்சு வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டாது, இது எப்படி வெள்ளாற்றைத் தாண்டும்? கேட்டால், மாடியிலிருந்து தென்னைமரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பியைக் காட்டுகிறான். நல்ல வெயில், நல்ல கம்பி, சும்மா கிடக்கிறதே என்று நாற்பது வாளையை வால் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். பாரத்தில் கம்பி தொய்ந்து கைப்பிடிச்சுவரில் படுத்துவிட்டது. டப்பா ஊமை. அவன் மூன்று நாள் மணி மணியாகக் கழற்றி மாட்டினான், மாடிக்கு மட்டும் போகவில்லை. நேற்றுக் காக்காய்ச் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தான்.

"உம்மா! ஏரியல்ல கருவாடா?"

"கம்பின்னா எதையாவது தொங்கவிடத்தானேடா?"

மீனை அவிழ்த்ததும் டப்பா கத்தியது. வதூது அந்தக் கீ கீயைத் தந்தி மாதிரி இங்கிலீஷ் எழுத்தாக எழுதினான், முகம் சுருங்கியது. அந்தப் பக்கம் கத்துவது யார் தெரியுமா? உன் மகன் ரஃபியுதீன்! அவனுக்கும் ஒரு பார்சல் போயிருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. "வாப்பாவுக்கு நெஞ்சுவலி, கார்டு போட விடமாட்டேங்கிறாங்க, மாமிகிட்ட சொல்லுங்க மச்சான்" என்று மூணு நாளா அடிச்சானாம். மூணு நாளும் என் கருவாடு அதை வாங்கி வச்சிக்கிச்சு.

பதிலுக்கு என்ன சொல்ல என்று வதூது கேட்டான். "உப்பைக் குறைச்சுச் சாப்பிடச் சொல்லுடா" என்றேன். சின்னதாய் ஒரு கீ, நீளமாய் ஒரு கீ, சின்னதாய் ஒரு கீ வந்தது. "வந்து சேர்ந்திச்சு"ன்னு அர்த்தமாம். அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனாலும் நான் நம்பவில்லை. என்னை அங்கே வரவழைக்க ரெண்டு பயல்களும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கும். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தின மாசி, வியாழக்கிழமை, என் மகள் ரசியா நிக்காஹ். நாலு பேர் ஒரே தட்டில் கைபோடும் சஹனில், மூன்றாவது பிடியில் உன் புருஷன் "உப்பு இல்ல"ன்னு எழுந்து போனான். மற்ற மூணு பேரும் கையை எடுத்துட்டாங்க. ரசியா மகளுக்கே இப்போ எட்டு வயசு. அவனாக "தப்புதான் அக்கா" என்று சொல்லும்வரை அவன் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றேன். அதில் மாற்றமில்லை.

பிள்ளைகளுக்கு என் துஆ. உனக்கு ஸலாம். அவனுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சைதுன் பீவி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. உன் கார்டு வர மூணு நாள் ஆகும், இன்னொரு மூணு நாள் என்னால் முடியாது. காலை ரயிலில் நானே வருகிறேன். உன் வாசலில் நிற்கும் என் கையிலிருந்து வாங்கித்தான் நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய். படித்தது போதும், உள்ளே போ. வாயைத் திறந்து தப்பென்று சொல்ல அவனுக்கு வராது, அவன் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். கட்டில் கட்டையில் விரலால் ஒரு தட்டு, நகத்தால் நீளமாய் ஒரு கீறல், மறுபடி ஒரு தட்டு போடச் சொல். வாசலிலிருந்தே எனக்குக் கேட்கும், வந்துவிடுகிறேன். கருவாடு கொண்டுவந்திருக்கிறேன், உனக்குத்தான், அவனுக்கில்லை. உப்பு சரியாத்தான் இருக்கு.