பெட்டிக்குள் பாடிய லண்டன் மாமா

ஒரு நாடு தன் பாட்டையும் கூத்தையும் வெளிநாடுகளுக்கு விற்றுப் பணக்கார நாடாக முடியுமா என்று படித்தவர்கள் இப்போதுதான் செய்தித்தாள்களில் விவாதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் தாமதமாக வந்தவர்கள். இலங்கை மலையகத்தில், இராகலைக்குப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் பெட்டி அறையில், அந்த ஏற்றுமதி நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளிலேயே ஆரம்பமாகிவிட்டது. ஏற்றுமதியாளர் ஒரே ஒருவர். தோட்டம் முழுவதும் அவரை லண்டன் மாமா என்றே அழைத்தது. நானுஓயா ரயில் நிலையத்துக்கு அப்பால் அவர் அதுவரை போனதே இல்லை.

தேயிலை நிரப்பிய பெட்டிகளின் மேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, தோட்டத்தின் பெயரையும் ரகத்தையும் எடையையும் கறுப்பு மையால் பதிப்பது அவருடைய வேலை. ஆங்கில எழுத்துகளை அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் எழுத்தின் குணமும் தெரியும். "இந்த எஸ்ஸு இருக்கே, எந்நேரமும் மையக் குடிச்சிப்புட்டு வீங்கும். எல்லு நல்ல புள்ள, சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். பெட்டிகள் கொழும்பு வழியாக லண்டன் போயின. ஆகவே லண்டன் அவருக்கு எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷனைப் போன்றது. எங்கள் மலையில் இறங்கும் மூடுபனியைப் பார்த்து, அங்கே இன்று மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். எவரும் மறுத்ததில்லை. மறுக்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை.

என் தந்தை அந்தத் தொழிற்சாலையின் கணக்கையும் பதிவேட்டையும் எழுதும் கிளாக்கர். பத்து மணித் தேநீர் நேரத்தில் பெட்டி அறையில் நின்று செய்தித்தாளை உரக்க வாசிப்பது அவர் வழக்கம். ஒருநாள் நாட்டில் அந்நியச் செலாவணி குறைந்துவிட்டதாக வாசித்தார்.

"அப்புடின்னா என்னாங்க, கிளாக்கரய்யா?" என்று கேட்டார் லண்டன் மாமா.

"வெளிநாட்டுக் காசு. நம்ம நாடு எதையாவது வித்தாத்தான் வரும். தேயிலை வெல எறங்கிருச்சு. விக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கான்."

"ஒண்ணும் இல்லையா? என்னாங்க இப்புடி எழுதிப்புட்டான்! பாட்டு இருக்கே!"

பெட்டி அறையே சிரித்தது. லண்டன் மாமா தூரிகையைக் கீழே வைத்தார். அவர் வேலை நேரத்தில் தூரிகையைக் கீழே வைப்பது அரிது.

"சிரிக்காதீங்கப்பா. தேயிலைன்னா கொழுந்து எடுக்கணும், வாட்டணும், உருட்டணும், காய வக்கணும். நாலு ராத்தல் கொழுந்து ஒரு ராத்தலாச் சுண்டிப்போகுது. பாட்டு சுண்டுதா? வித்துப்புட்ட பொறவும் நம்மகிட்டயே இருக்கு. இப்புடி ஒரு சரக்கு ஒலகத்துல உண்டுங்களா?"

சென்ற ஆண்டு, பொருளியல் படிக்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

என் தந்தை எளிதில் விடுபவர் அல்லர். "சரி லண்டன், ஒருத்தன் ஒரு பாட்ட வாங்குறான். கேட்டுப் பாடம் பண்ணிக்கிறான். ஊருக்கே பாடிக் காட்டுறான். அப்புறம் நம்மகிட்ட எவன் வாங்குவான்?" என்று கேட்டார். லண்டன் மாமாவின் முகம் வாடியது. அடுத்த மூன்று நாட்களில் அவர் பதித்த எழுத்துகள் எல்லாம் சற்றுச் சாய்ந்தே நின்றன. நான்காம் நாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"கிளாக்கரய்யா, அவன் பாடம் பண்ணிக்கிடட்டும். ஆனா எங்க ஆத்தா கொரல்ல பாடுவானா? அதுக்கு நம்மகிட்டதானேங்க வரணும்! பாட்டு வேற, கொரல் வேறயா?"

தந்தை தோல்வியை ஒப்புக்கொண்டு தேநீர் கொடுத்தார்.

கொள்கை தயாராகிவிட்டது, அனுப்பும் வழிதான் கிடைக்கவில்லை. அதுவும் தொழிற்சாலையிலேயே கிடைத்தது. தேயிலை தன் அருகில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பெட்டி அறைக்குள் வெங்காயம் வரக்கூடாது, மண்ணெண்ணெய் வரக்கூடாது, வாசனைத் தைலம் தடவிய தலையும் வரக்கூடாது. ஒருமுறை எவரோ மதியச் சாப்பாட்டுக்குக் கருவாடு கொண்டுவந்தபோது தந்தை போட்ட கூச்சலுக்கு நடுவில் லண்டன் மாமாவின் முகம் மட்டும் ஒளிபெற்றது.

"கருவாட்டு வாசத்தையே இழுத்துக்கிடுது. பாட்ட இழுக்காதா?"

அன்று முதல், ஈயத்தாளை மடித்து மூடியை அறைவதற்கு முன், அவர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை விட்டு ஒரு பாட்டுப் பாடினார். தாலாட்டு என்றால் பெட்டியின் அடி மூலையில் மையால் ஒரு புள்ளி. கும்மி என்றால் இரண்டு. ஒப்பாரி என்றால் மூன்று. ஒப்பாரியை மிகக் குறைவாகவே அனுப்பினார். "வெள்ளக்காரன் காலையில வெறும் வயித்துல குடிக்கிறான், பாவம்" என்பது காரணம்.

ஒருநாள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையே வந்துவிட்டார். பெட்டிக்குள் தலையும் வெளியே உடம்புமாக ஓர் ஆள் பாடிக்கொண்டிருந்தான்.

"நீ என்னா செய்யுது?" என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில்.

"ஏத்துமதிங்க, தொரைகளே."

தந்தைக்கு உயிர் போய் வந்தது. தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினார். துரை முழுவதையும் கேட்டார். பிறகு குனிந்து, தேயிலையில் ஒரு பிடி அள்ளி, கண்களை மூடி நெடுநேரம் முகர்ந்தார். "பாட்டு வாசம் இல்லே. மூடி போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, தொரையே மோந்து பாத்துப் பாஸ் பண்ணிட்டாரு!" என்று லண்டன் மாமா அந்த வாரம் முழுவதும் சொல்லித் திரிந்தார்.

ஏலத் தரகர் தேயிலையைக் குடித்துப் பார்த்து எழுதும் அறிக்கை வரும் நாள் அவருக்குத் திருநாள். எந்தத் தேயிலை துடிப்பாக இருந்தது, எது சப்பென்று இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். தந்தை வாசிப்பார், லண்டன் மாமா தீர்ப்புச் சொல்வார். "துடிப்பா இருந்துச்சாமா? அது கும்மி போட்ட பெட்டிங்க, துடிக்காம என்னா செய்யும்! சப்புன்னு இருந்துச்சா? எனக்கு அன்னிக்கித் தொண்டக்கட்டு."

அவர் மனைவி செல்லாயி கொழுந்து எடுப்பவள். நாக்கும் விரலைப் போல வேகமானது. "லண்டன்ல இவரு பாட்டக் கேக்குறாங்களாம். இங்க கூரை ஒழுகுற சத்தத்தக் கேக்க ஒரு நாதி இல்ல" என்பாள். "ஒன்னயும் ஒரு பெட்டிக்குள்ள வச்சு அனுப்பட்டுமா, புள்ள?" என்பார் அவர். "அனுப்புங்க. அங்கயாவது எனக்கு ஒழுகாத வீடு கெடைக்கும்."

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் ஒரு மனு கிடந்தது. நாட்டின் சுதந்திரத்தை அடுத்து வந்த சட்டங்களால், முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக, தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆனார்கள். மனுக் கொடுத்து, விசாரணையில் தேறினால்தான் குடியுரிமை. லண்டன் மாமா எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவர். அவர் தாயைப் புதைத்ததும் இதே தோட்டத்து மண்ணில்தான். தமக்கும் செல்லாயிக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக அவர் கொடுத்த மனுவுக்குப் பல ஆண்டுகள் கழித்து அழைப்பு வந்தது. அவருக்குக் கவலையே இல்லை. "சரக்கு வேணும்னா ஆள வெரட்டுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினார். சாட்சியாக, தொழிற்சாலை வருகைப் பதிவேட்டோடு என் தந்தையும் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் நான் அறிவேன்.

விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. இந்த நாட்டில் நிலையாக வாழ விரும்புவதற்குக் காரணம் என்ன என்பதே கடைசிக் கேள்வி. பிறந்த மண் என்று சொல்லியிருந்தால் போதும். லண்டன் மாமா அந்நியச் செலாவணியிலிருந்து தொடங்கினார். தந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. "ஐயா உத்தரவு குடுத்தா சாம்பிள் ஒண்ணு காட்டுறேங்க" என்று முடித்தார். காலையிலிருந்து தாள்களையே பார்த்துக் களைத்திருந்த அதிகாரி தலையசைத்தார். லண்டன் மாமா தம் தாய் கட்டிய தாலாட்டைப் பாடினார்.

அக்கரையில் நம்ம மரம் ஆராரோ - அது
அசைஞ்ச காத்தில் இக்கரையில் ஆடுதடா ஒந் தொட்டில்.

பாட்டு முடியும்வரை அதிகாரி பேனாவைத் தொடவில்லையாம். மொழிபெயர்ப்பைக் கேட்ட பிறகுதான் மீண்டும் எடுத்தார்.

"அந்த மரம் எங்க இருக்குன்னு ஐயா கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"எந்த மரம்ங்க?"

"அக்கரையில இருக்கிற ஒங்க மரம்."

"அது... அக்கரையிலங்க."

"தென்னையா, மாவா?"

"தெரியாதுங்க. நான் பாத்ததில்ல."

"காணி யார் பேர்ல இருக்கு?"

தந்தை இதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் இந்த இடம்வரை சிரிப்போம்.

அதிகாரி கெட்டவர் அல்லர். அக்கரையான இந்தியாவில் சொத்து உண்டு என்று பதிவானால் மனு நிற்காது என்று அவருக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் லண்டன் மாமாவின் பக்கம் குனிந்தார். "இந்தா பாருங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றார். மரமும் இல்ல, காணியும் இல்ல. அது வெறும் பாட்டு, அதுல அர்த்தம் ஒண்ணும் கெடையாது. அப்படி எழுதிக்கிடவா? ஆமான்னு சொன்னாப் போதும்."

ஒரே ஒரு சொல். தந்தை மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். லண்டன் மாமா தம் விரல்களில் படிந்திருந்த மையைத் தேய்த்தார்.

"வெறும் பாட்டுன்னா, லண்டன்ல எதுக்குங்க காசு குடுக்கப் போறான்?" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "எங்க ஆத்தா பொய் பாடலைங்க" என்றார்.

நான்கு மாதங்களில் கடிதம் வந்தது. நிலையாகக் குடியிருக்கும் எண்ணம் நிறுவப்படவில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. தந்தை இருமுறை வாசித்தார்.

"பாட்டப் பத்தி என்னா போட்டிருக்குங்க?"

"ஒண்ணும் போடல, லண்டன்."

"ஒண்ணுமே போடலைங்களா?"

நிராகரிப்பைவிட அதுவே அவரை அதிகம் வருத்தியதாகத் தந்தை கருதினார்.

லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுப் பெண் ஒருத்தி, "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாக்கா அறுந்து விழுந்திரும்? பாட்டுக்காக நாட்ட விட்ட மனுசன இப்பத்தான் பாக்கிறேன்" என்று வாசலில் நின்று பேசினாள். அதை முதலில் சொல்லவேண்டியவள் செல்லாயி என்றே எல்லாரும் எதிர்பார்த்தோம். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"அந்தப் பாட்டப் பாடித்தான் எங்க மாமியா ஏம் மூணு புள்ளையையும் தூங்க வச்சிச்சு. அத வெறும்னு சொல்லிப்புட்டு வந்திருந்தா, நானே இவரக் காம்பராவுக்குள்ள விட்டிருக்க மாட்டேன். நீ போயி ஒன் சோத்தப் பாரு."

அதன்பின் அவர் பெட்டிகளுக்குள் பாடவில்லை. எங்கள் தேயிலை வெறும் தேயிலையாகவே லண்டன் போனது. அறிக்கை வரும் நாளில் பெட்டி அறையில் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. தந்தையும் உரக்க வாசிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டன் மாமா குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். ஏன் இந்த அவசரம் என்று தந்தை கேட்டார்.

"அவசரம் என்னாங்க. கேட்டோம், இல்லன்னுட்டாங்க. இல்லன்னு சொன்ன வீட்டு வாசல்ல எத்தன நாளைக்கிங்க நிக்கிறது?"

இராகலையில் பஸ் ஏறும்போது நானும் இருந்தேன். செல்லாயி யாரையும் பார்க்கவில்லை. தந்தை, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், "அங்க போயி மொதல்ல என்ன செய்வ, லண்டன்?" என்றார்.

"அந்த மரத்தத் தேடுவேங்க. தென்னையா மாவான்னு பாத்து ஒரு கடுதாசி போடுறேன். ஆபீசரய்யா கேட்டாருல்ல, பதில் சொல்லாம வந்துட்டேன்."

கண்டக்டர் மணி அடித்தார்.

கடிதம் வரவில்லை. மரத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் போலும்.

நாடு பாட்டை விற்றுப் பிழைக்க முடியுமா என்ற விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் படிப்பது இலக்கியம். இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் பணி தந்தார்கள். நான் அந்தத் தாலாட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு பாடலோடும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பாடல் வழங்கும் இடம்: இராகலை. 'அக்கரை' என்று வருகிறதே, இது தமிழ்நாட்டுப் பாடல் அல்லவா என்று பேராசிரியர் ஓரத்தில் கேள்விக்குறி இட்டுத் திருப்பித் தந்தார். பணிவாக ஒரு விளக்கம் எழுதி இணைத்தேன்.

படிவத்தின் அடுத்த கட்டத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பாடியவர் தற்போது வசிக்கும் இடம் என்று அதில் இருந்தது. அங்கேயும் இராகலை என்றே எழுதியிருக்கிறேன். என் படிப்பில் நான் தெரிந்தே செய்த பிழை அது ஒன்றுதான். அதைத் திருத்தும் எண்ணம் எனக்கு இல்லை.