பனையடி உடைப்பு

"இன்னைக்கும் அடுப்படிக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் ஆவுடையாள்.

அவள் புருஷன், ஓவர்சியர் தேனப்பன், பூவாளியைக் கீழே வைக்கவில்லை.

கறம்பக்குடியில் அவர் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளத்துக்கு ஒரு கண்மாய் இருந்தது. சமஸ்தானக் காலத்து நல்லாண்டான் கண்மாயை அங்குலம் அங்குலமாக அளந்து, அந்த மண்ணையே வண்டியில் கொண்டுவந்து, கரை, மடை, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு எல்லாம் அவரே கட்டியது. கரைமேல் நிற்கும் ஒற்றைப் பனைக்குக்கூட ஒரு விளக்குமாற்றுக் குச்சி நட்டிருந்தார்.

அசல் கண்மாய் இரண்டு வருஷமாக ஐப்பசி மழையில் அந்தப் பனையடியில்தான் உடைந்தது. முந்நூறு ஏக்கர் பயிர் போயிற்று. அடைத்தார்கள், மறுபடி அங்கேயே உடைந்தது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்ஜினீயர் வருகிறார். அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் மூன்றாவது வருஷமும் அந்த ஊர் பட்டினிதான். தேனப்பனுக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"அங்க நடக்குறதை இங்க நடத்திப் பாத்தா காரணம் தெரிஞ்சிரும்" என்றார்.

"நேத்துத் தெரிஞ்சுதா?"

நேற்று, திங்கட்கிழமை, பொம்மைக் கண்மாயும் பனையடியிலேயே உடைந்தது. அசலைப் போலவே உடைகிறதே என்று அவர் கைதட்டினார். ஆவுடையாள் அடுப்படியில் தண்ணீர் இறைத்தாள்.

இன்று கரையை அடைத்து நாலு விரல் உயர்த்தியிருந்தார். பூவாளி மழை பெய்தது. உயர்ந்த கரைக்குள் தண்ணீரும் கூடுதலாகத் தேங்கி, பனையடியில் பிய்த்துக்கொண்டு வேலியைத் தாண்டியது.

பக்கத்து வீட்டு அடைக்கலமேரி டீச்சர் நனைந்த மிளகாயோடு வந்து நின்றார்.

"சார், ஆவணியிலேயே வெள்ளமாங்க?"

"மன்னிச்சுக்கங்க டீச்சர். நாளைக்குக் கலுங்கை அகலமாக்கிடுறேன்."

புதன்கிழமை அகலமாக்கினார். கலுங்கு வழியே போன தண்ணீர் ஆவுடையாளின் வடகப் பாயை நனைத்தது. மிச்சம் வழக்கம்போலப் பனையடியில் உடைத்துக்கொண்டது. ஆவுடையாள் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

தேனப்பன் விடுவதாக இல்லை. இருட்டும்வரை கரையை அடைத்து, மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தினார். வியாழக்கிழமை காலை, எங்கே விரிசல் விடுகிறதென்று பார்க்க ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்தார்.

பாத்திரம் தேய்க்க வரும் காத்தாயி கரையில் பனையடியில் குந்தி மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"அடுப்பு மெழுக மண்ணு எடுக்குறேங்க. நல்ல பசை மண்ணு."

"தெனமுமா?"

"தெனமுந்தான். எடுத்த எடத்தைக் கையால தடவி விட்ருவேங்க. பாக்க அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல."

தேனப்பன் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். மூன்று நாள் ஆராய்ச்சியும் அடுப்பில் மெழுகப்பட்டிருந்தது. நாளைக்கு என்ஜினீயரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அழுகையே வந்தது.

"இம்புட்டுக் கரை கெடக்கு. வேற எங்கிட்டாவது எடுக்கப்படாதா?"

காத்தாயி விளக்குமாற்றுக் குச்சியைக் காட்டினாள்.

"எங்கூருக் கண்மாய்னு பாத்தொடனே தெரிஞ்சுபோச்சுங்க. அங்க ஊரே பனையடியிலதான மண்ணு எடுக்கும், அதான் இங்கயும் அங்கனயே எடுத்தேன்."