சஃப்ராவின் கூட்டில் மக்னீன் முட்டை

பாப் எல் வெத், அல்ஜியர்ஸ்
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

என் மனைவி வர்தியாவின் ஒரே தம்பியும், பூயிரா மலைச்சரிவில் பாதாம் தோட்டத்துக்கு அதிபதியும், குருவி சாஸ்திரத்தில் கரை கண்டவருமான மைத்துனர் மெஸியான் அவர்களுக்கு, அத்தான் தாஹர் எழுதுவது. இறைவன் அருளால் நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் உங்கள் மனைவி மக்களும், ஆடுகளும், அந்த இருமுகிற டிராக்டரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் சுகமில்லாதவர்கள், இல்லாமலே போனவர்கள் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக உட்கார்ந்து பிறர் வாக்குமூலங்களை எழுதி எடுத்தவன் நான். எனக்குக் காகிதம்தான் சரி.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை வெயில் தொடங்கிய சமயம் உங்கள் அக்கா, மகள் லாமியாவின் பிரசவத்துக்காக ஓரானுக்குக் கிளம்பினாள். நாற்பது நாள். அப்போது அவளுடைய மஞ்சள் கேனரிக் குருவி சஃப்ரா நாலு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், லாமியா கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் வர்தியா பேசுவது பாதி என்னிடம், முக்கால் சஃப்ராவிடம். கணக்கு இடிக்கிறதே என்று கேட்காதீர்கள், வர்தியாவின் பேச்சு ஒரு முழுசுக்குள் அடங்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நாலு குஞ்சும் பிறக்கப்போற பேத்திக்கு. நான் திரும்பி வர்றப்ப இவளுக்கு ஏதாவது ஆகியிருந்துச்சு, உங்களோட பேசவே மாட்டேன், ஆமா" என்றாள். நான் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை.

அவள் போன மூன்றாம் நாளே நீங்கள் வந்து சேர்ந்தீர்கள், மைத்துனரே. கையில் ஒரு ஹல்வா டப்பா. உள்ளே உங்கள் பாதாம் மரத்திலிருந்து கூட்டோடு பெயர்த்துக்கொண்டு வந்த ஐந்து மக்னீன் முட்டைகள். இந்த ஊரில் மக்னீன் பைத்தியம் பிடிக்காத ஆண்பிள்ளை யார்? சிவந்த முகமும் இறக்கையில் பொன்பட்டையும் உள்ள அந்தக் கட்டைவிரல் குருவிக்காகக் கூண்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, பெற்ற பிள்ளையைவிடப் பதமாகக் காபிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தானே நாம். ஆனால் வலையில் பிடித்த குருவி நம் பாட்டைப் பாடாது, அதன் காட்டுப் பாட்டைத்தான் பாடும். "முட்டையிலேயே எடுத்துக் கேனரிக்கு அடியில வச்சிரணும் அத்தான். கண்ணு தொறக்குறப்பவே நம்ம பாட்டுக் கேசட்டைக் கேக்கணும். அப்பா அம்மா பாட்டே தெரியாம வளந்தாத்தான் வித்வானா வரும்" என்றீர்கள். அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தால் வித்வானாகலாம் என்ற தத்துவத்தை உங்கள் சொந்தப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததுண்டா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் பேச்சில் மயங்கிவிட்டேன்.

பஸ் குலுக்கலில் இரண்டு முட்டை ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தன. மீதி மூன்றை நீங்கள் அந்த மலைக்கூட்டோடு சேர்த்தே சஃப்ராவின் கூட்டில் வைத்து, அவளுடைய நாலையும் எடுத்து என் கையில் திணித்தீர்கள். நான் அவற்றைப் பஞ்சில் பொதிந்து ஒரு கிண்ணத்தில் வைத்து, குளிர்ப்பெட்டியின் மேல், அதுதான் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று, வைத்தேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் நாலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி ஜில்லென்று இருந்தன. சஃப்ரா திரும்பித் திரும்பிக் கூட்டுக்குள் பார்த்தாள். ஒருமுறை என்னையும் பார்த்தாள். பிறகு, பாவம், உட்கார்ந்துவிட்டாள். முட்டை என்றால் அடைகாக்க வேண்டும் என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு வஞ்சகமும் தெரியாது.

பன்னிரண்டாம் நாள் இரண்டு குஞ்சு பொரிந்தது. மூன்றாவது கூமுட்டை. நான் காபிக்கடையில் எல்லாருக்கும் மஹ்ஜூபா ரொட்டி சொன்னேன். அங்கேதான் முடிதிருத்தும் ஸ்லிமான், கடைக் கண்ணாடிக்கு மேல் ஒன்பது கூண்டு தொங்கவிட்டிருப்பவன், "என்ன ஹாஜி, தீனி என்ன போடறீங்க?" என்று கேட்டான். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆனால் அறுபது தாண்டிய எவனும் இங்கே ஹாஜிதான். "முட்டையும் ரவையும் பிசைஞ்சு" என்றேன். "அது கேனரிக் குஞ்சுக்கு. காட்டுக் குஞ்சுக்குப் பூச்சி வேணும், பால் பிடிச்ச காட்டுச்செடி விதை வேணும். உங்க சஃப்ராவுக்கு அசுவினிப் பூச்சி பிடிக்கத் தெரியுமா?" என்றான். அவளுக்குத் தெரியாது. எனவே நீதித்துறையில் ஓய்வுபெற்ற நான், பிளாஸ்டிக் பையும் மூக்குக்கண்ணாடியுமாக நகராட்சிப் பூங்காவில் ரோஜாச் செடிகளின் முன் மண்டியிட்டு அசுவினி பொறுக்கினேன். காவலாளி வந்தான். "ஹாஜி, என்ன பண்றீங்க?" "பூச்சி எடுக்கறேன் தம்பி." அவன் தலையைச் சொறிந்தான். "பூவைப் பறிச்சா அபராதம்னு போர்டுல இருக்கு. பூச்சியைப் பறிச்சா என்னன்னு எழுதலையே. சரி, அந்தப் பக்கச் செடியிலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க." வேலை கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியும் மூன்றாம் நாள் ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தது.

மிச்சமிருந்த ஒன்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கத்தியது. சஃப்ரா ஊட்டினாள், ஊட்டினாள், தான் தின்பதை மறந்து ஊட்டினாள். பிறகு இறகைக் கொத்திக் கொத்தி உதிர்க்க ஆரம்பித்தாள். நெஞ்சு சொட்டையாகி, பந்து மாதிரி உப்பிக்கொண்டு, கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டாள். கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டு வைத்தியசாலைக்கு ஓடினேன். அங்கே நசீபா என்று ஒரு டாக்டர். என் மகள் வயதுகூட இருக்காது. பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "இந்தக் கூடு எங்க இருந்து வந்துச்சு?" என்றாள். "மலையிலிருந்து. கூட்டோட." "கூட்டுல காட்டுப் பேன். ஆயிரக்கணக்குல. ராத்திரி பூரா இவ ரத்தத்தைக் குடிச்சிருக்கு. பகல் பூரா அந்தக் குஞ்சு குடிச்சிருக்கு. மக்னீன் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைன்னு தெரியுமா ஹாஜி?" தெரியும் என்றேன், கோர்ட்டில் வேலை பார்த்தவன் ஆயிற்றே. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப தெரிஞ்சேதான் பண்ணீங்க. மலையில ஒரு தாய்க்குக் கூடு இல்ல. இங்க ஒரு தாய்க்கு அவ முட்டை இல்ல. நடுவுல ஒரு குஞ்சு, அது எந்த ஜாதின்னு அதுக்கே தெரியாது. எல்லாம் எதுக்கு? காபிக்கடையில கூண்டு மாட்டுறதுக்கு." எனக்குக் கோபம் வந்தது. இதையெல்லாம் அவள் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், என்னிடம் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள் காலை சஃப்ரா செத்துப்போனாள். குஞ்சு அவள்மேல் ஏறி நின்று, திறக்காத அலகைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் அழுதேன் மைத்துனரே. அப்பாவுக்கு அழுதபின் இப்போதுதான்.

அழுதுவிட்டுக் குஞ்சுக்கு என் விரலாலேயே ஊட்டினேன். பிறகு என்ன செய்தேன்? ஸ்லிமானிடம் போனேன். "ஒரே மஞ்சள், ஒரே அளவு, யாருக்குத் தெரியப்போகுது ஹாஜி" என்று ஒரு கேனரியை எடுத்துக் கொடுத்தான். "பொட்டைதானே?" என்றேன். "என் மேலயே சந்தேகமா?" என்று நெஞ்சைப் பிடித்தான். நாற்பதாம் நாள் வர்தியா வந்தாள். பேத்தியின் படத்தை எனக்குக் காட்டக்கூட இல்லை, நேரே கூண்டுக்குப் போனாள். "சஃப்ரா, என் கண்ணு" என்றாள். அந்தச் சனியன் கழுத்தை நீட்டி, தொண்டையைப் புடைத்து, கச்சேரியே ஆரம்பித்துவிட்டது. கேனரியில் பொட்டை அப்படிப் பாடாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக வர்தியாவுக்குத் தெரியும். அவள் மெதுவாகத் திரும்பினாள். "நாப்பது நாள்ல முட்டை போட்டவ பாட ஆரம்பிச்சுட்டாளா?" மறுபடி கூண்டைப் பார்த்தாள். "இது அவ புருஷனாச்சே! நான் ஊருக்குப் போறதுக்கு முன்னால ஸ்லிமான் கடையிலேர்ந்து ஜோடி சேக்கக் கொண்டாந்தோமே, அவன்தானே இது!"

அன்றைக்குப் பேசியதுதான். எட்டு நாள் ஆகிறது. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். பேசுவதெல்லாம் குஞ்சிடம். அதுவும் ஒரு தனிக் கதை. கேசட்டைத் தேய்ந்துபோகும்வரை போட்டேன், அது ஒரு சுரம்கூடப் பிடிக்கவில்லை. தன்னை வளர்த்த சஃப்ரா கூப்பிட்ட மாதிரி 'ச்சீப், ச்சீப்' என்று கூப்பிடுகிறது, அவ்வளவுதான். காபிக்கடைக்காரர்கள் துணியை விலக்கிக் கேட்டுவிட்டு, "இது பாடல ஹாஜி, யாரையோ தேடுது" என்றார்கள். விட்டுவிடலாம் என்று சன்னலைத் திறந்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் தோளில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் வியாழக்கிழமை நீங்கள் வந்து, உங்கள் அக்காவின் முன்னால் நின்று, முட்டையை எடுத்ததும் நான்தான், அத்தானை மயக்கியதும் நான்தான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். தம்பியை அவள் மன்னித்துவிடுவாள். என்னை மன்னிப்பாளா என்பது தெரியவில்லை. இனி காட்டு முட்டையைக் கையால் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்துவிடுங்கள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் தோட்டம் காய்க்கட்டும், கிணறு வற்றாதிருக்கட்டும், உங்களுக்கு நல்ல புத்தி வாய்க்கட்டும்.

அன்புள்ள அத்தான்,
தாஹர்

பின்குறிப்பு: மெஸியான், மேலே உள்ளதைப் படித்துத் தலை சுற்றியிருப்பாய். நீ டப்பாவும் கொண்டு வரவில்லை, அந்த வாரம் அல்ஜியர்ஸுக்கே வரவில்லை. நான்தான் உன் தோட்டத்துக்கு வந்தேன். மரத்தில் ஏறியது நான். "வேணாம் அத்தான், இறங்குங்க, தாய் பாக்குது" என்று கீழே நின்று கத்தியவன் நீ. உன்னை வாயை மூடச் சொன்னேன். வித்வான் தத்துவமும் என்னுடையதுதான். இந்தக் கடிதம் உனக்காக எழுதியதே அல்ல. உறையை ஒட்டாமல் சமையலறை மேசையில் வைத்தேன், உன் அக்கா கண்ணில் படட்டும் என்று. பட்டது. முழுக்கப் படித்தாள். எட்டு நாளில் முதன்முறையாக வாயைத் திறந்து, "நான் வந்த அன்னிக்கே மெஸியான் போன் போட்டு எல்லாம் சொல்லிட்டான். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "அந்த மலையில இருந்த தாய்க்குருவி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். நான் இறங்கும்வரை என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு பஸ் நிறுத்தம் வரைக்கும் மரத்துக்கு மரம் தாவிப் பின்னாலேயே வந்தது, பஸ் கிளம்பியபோதும் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது என்று. வர்தியா கடிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். "அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். நீ வர வேண்டாம்.