ஜிலேபிக்குப் பொருத்தம் பார்த்தவள்

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரிசிக் கடைக்காரரிடம் போய் யாரும் நாற்று நடச் சொல்வதில்லை. ஆனால் தேவனாம்பட்டினத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக, மீன் எப்போது தூங்கும், எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்பது வரை என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்பதுதான். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். (சொல்லவில்லை. வாய்க்கொழுப்பு.)

அறுபதுகளில் கல்யாணமாகி சிதம்பரம் வந்தேன். புகுந்த வீடும் எங்கள் மீனவ ஜனம்தான். ஆனால் மாமனார் காலத்திலேயே டவுனில் குடியேறி, மீனைச் சட்டியில் மட்டும் பார்த்துப் பழகிய குடும்பம். என் மாமியாருக்கு 'டவுன்' என்ற சொல்மீது அப்படி ஒரு பிரியம். முறம் வாங்கினால்கூட டவுன் முறமாக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரின் ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு கண்ணாடித் தொட்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒரு ஜோடி ஜிலேபிக் கெண்டை. தின்கிற ஜிலேபி இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நம் ஊர்க் குளம் குட்டையெல்லாம் விட்ட மீன். உள்ளங்கை அகலம் இருக்கும். பெண் பாவம், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆண் கரிச்சட்டி நிறம். மணலைப் பறித்துக் குழி தோண்டி, அதற்குப் பட்டா வாங்கியது போலக் காவல் நிற்கும். வெளியே நாம் கண்ணாடியில் விரல் வைத்தால்கூட முட்ட வரும். கருப்பன் என்று பெயர் வைத்தோம்.

அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். அந்தச் சமயம் பார்த்து என் நாத்தனார் சாந்தாவுக்குக் கடலூர் ஓ.டி. துறைமுகப் பக்கத்திலிருந்து வரன் வந்தது. அந்த வீட்டில் என் பேச்சுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் சாந்தா. முன்பு பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போய், சொல்லி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். இந்த மாப்பிள்ளையை அவள் ஏதோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி, இதுவும் போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

மாமியாருக்கோ தொட்டிக் கவலை. "கூடத்துல இது இருந்தாத்தான் டவுன் வூடுன்னு தெரியும். ஆனா ரெண்டே ரெண்டு மீனு, அதுலயும் ஒண்ணு கருப்பு. எழவு வூடு மாதிரி இருக்கு. ஏன் தனம், இதுங்க கூட என்னா மீனு வுட்டா ஒத்துப்போவும்?"

"கடக்கரையில பொறந்தவகிட்ட கேக்கற கேள்வியா அத்தை இது? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். முதலில் நிறப் பொருத்தம் பார்த்தேன். கருப்புக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று, மெட்ராஸ் போன இவரிடம் சொல்லிச் சிவப்பு மீன்கள் வாங்கி வரச் செய்தேன். கூஜாவில் வைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தார் மனிதர். தொட்டியில் விட்டுவிட்டு, பொங்கிய பாலை இறக்கி வைத்து வருவதற்குள் ஒன்றுக்கும் வால் இல்லை. சாயங்காலம் மீனே இல்லை.

"உடம்பு பத்தல. அதான்" என்று விளக்கம் சொன்னேன்.

அடுத்து கெளுத்தி. முள் இருக்கிறது, எவனும் கிட்டே வரமாட்டான் என்பது என் கணக்கு. கருப்பன் கிட்டே போகவில்லைதான். கல்லுக்கு அடியில் பதுங்கிய கெளுத்தியை வெளியே தலை நீட்டவும் விடவில்லை. பட்டினியிலோ பயத்திலோ அது வயிற்றைக் காட்டி மிதந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல் இல்லை. இந்தக் கருப்பனுக்கு என்னதான் வேண்டும்? தொட்டியில் பாதியை விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

"ஏன் தனம், உங்க ஊர்ல மீனெல்லாம் எப்பிடி ஒண்ணா இருக்கும்?" என்று கேட்டார் இவர், செத்த கெளுத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வலையில ஒண்ணாத்தான் இருக்கும்" என்றேன். (அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.)

பெண் பார்க்கும் நாளும் வந்தது. காலையில் மீன் விற்கும் லால்பேட்டை பாய் சைக்கிளில் பானை கட்டி உயிர் விரால் கொண்டு வந்தார். சாண் நீளத்துக்கு ஒன்று, பளபளவென்று இருந்தது. கருப்பனுக்குச் சமமான ஆளாகப் போட்டுவிட்டால் அடங்கிப் போவான் என்று தோன்றியது.

"சாதுவா பாய்?"

"ஜாஸ்தி சாதும்மா. கொழம்புல போட்டாகூட வாயத் தொறக்காது."

விட்டேன். விரால் அடியில் போய் அசையாமல் படுத்தது. கருப்பனும் முறைத்ததோடு சரி. எனக்கு ஒரே பெருமை. தொட்டியை மூடியிருந்த பலகையையும் அழகைக் கெடுக்கிறது என்று எடுத்தேன்.

"அத எடுக்காத தனம்" என்றார் இவர்.

"மூடி வச்சா அதுக்கு மூச்சு முட்டாது? எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மரியாதையாகத் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியைப் போட்டோம். படகு வைத்திருந்தவர், கட்டுமஸ்தான ஆள். எங்கள் கூடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். மாமியார் வாய் ஓயாமல் டவுன் பெருமை பேசினார். மாப்பிள்ளையின் அத்தை, பலகாரத் தட்டிலிருந்து ஒரு ஜிலேபியை எடுத்தபடி, "இது இன்னா மீனு?" என்று கேட்டார்.

"ஜிலேபி" என்றேன்.

அந்த அம்மாள் கையிலிருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

சாந்தா வந்து, கும்பிட்டு, உள்ளே போனாள். சம்பந்தியாக வேண்டிய பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். துண்டைத் தோளில் போட்டார். "சரிங்க, நாங்க வூட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார். மீதியை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். கதவுக்குப் பின்னால் சாந்தாவின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது.

கருப்பன் அப்போதுதான் விராலை முட்டினான்.

விரால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, பெரியவரின் மடியில் விழுந்து, அங்கிருந்து ஜிலேபித் தட்டுக்குத் தாவி, தட்டோடு தரையில் உருண்டது. மாப்பிள்ளையின் அத்தை அலறினார். என் வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். (அரசாங்க உத்தியோகஸ்தர்!) என் கை மட்டும் யோசிக்கவே இல்லை. பட்டுப் புடவையை இழுத்துச் செருகி, ஒரே எட்டில் செவுளைப் பிடித்து, மண்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டினேன். விரால் அடங்கியது.

கூடமும் அடங்கியது. ஜீராவும் செதிலும் ஒட்டிய கையோடு நான் நிற்கிறேன். மாமியாரின் முகத்தில் டவுன் என்பது துளியும் இல்லை. சாந்தாவின் வாழ்க்கையை நானே தரையில் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அம்மாடி, நீ எந்த ஊரு?" என்றார் பெரியவர்.

"தேவனாம்பட்டினம், மாமா."

"அதானே பாத்தேன்!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "மீனக் கண்ணாடிக்குள்ள வச்சு வேடிக்க பாக்கறவங்க, நமக்கு ஒத்துவராதுன்னு கெளம்பிட்டேன். டவுன்ல இருந்தாலும் நம்ம ஜனங்கதான்! ஏம்மா, அந்தப் பொண்ணுக்கும் இப்பிடி மீனு புடிக்கத் தெரியுமா?"

சாந்தா உயிருள்ள மீனைத் தொட்டதே இல்லை.

"என்னைவிட ஜோராப் புடிப்பா, மாமா!"

பேச்சு அங்கேயே முடிந்தது. இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், விரால் குழம்பு. மாதம் திரும்புவதற்குள் கல்யாணம். புகுந்த வீட்டில் முதல் காலையிலேயே பெரியவர் ஆசையோடு ஒரு கூடை உயிர் நண்டை மருமகள் முன்னால் இறக்கி வைத்தாராம். சாந்தா அலறிய அலறலுக்கு இன்றுவரை நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கருப்பனையும் அதன் ஜோடியையும் கோயில் குளத்தில் விட்டோம். தொட்டியில் மாமியார் அரிசி கொட்டி வைத்தார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் வந்தாலும் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எந்த வீட்டிலாவது புருஷன் பெண்டாட்டி சத்தம் போட்டால், "பலகைய மூடுங்கப்பா!" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

போன வாரம் சாந்தா போன் செய்தாள். "அண்ணி, இவுரு காலையிலேர்ந்து முட்டிக்கிட்டே இருக்காரு. நீ பாத்த பொருத்தம்தானே? வந்து என்னான்னு கேளு."

பின்னாலிருந்து அவள் புருஷன் குரல் கேட்டது: "நான் கருப்பன் இல்லன்னு உன் அண்ணிகிட்ட சொல்லு. பலகைய மூடிட்டதால குதிக்க முடியாமப் போன விராலு நானு!"