நாலு மணி லைன் டெஸ்ட்

மலேசியாவின் ஜொகூரில் எங்கள் முதலாளி டவர் பாஸைப் போலத் தொலைபேசியை நம்பாத மனிதர் வேறொருவர் இருந்ததில்லை. யோங் பெங்கில் டாப்-அப் அட்டை விற்கத் தொடங்கி, செம்பனைத் தோட்டமெங்கும் கைப்பேசிக் கோபுரம் நட்டவர். ஆனால் போனை எடுத்தால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்துவார். அவருக்கு மேடைப் பேச்சு எழுதித் தருவது என் பிழைப்பு. மைக்கிலும் கத்தியதால் நான் எழுதியது யாருக்கும் புரியவில்லை. என் மானம் தப்பியது.

ஒருமுறை லாயாங் லாயாங் முதியோர் இல்லத்தில் பதினொரு பேருக்கும் கைப்பேசி கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் போய் விசாரித்தோம்.

"அடிக்கவே மாட்டேங்குது பாஸ்" என்றார் ராமையா, முன்னாள் லாரி டிரைவர்.

"என் ஏரியாவுல லைன் இல்லையா? அலமாக், இது என்ன கூத்து."

மறுநாளே கூரையில் ஆண்டெனா ஏறியது. அடுத்த வாரம் இன்னொன்று. இல்லம் விமான நிலையம்போல் ஆனதே தவிர, போன்கள் வாய் திறக்கவில்லை. கடைசியில் டெக்னீஷியன் ஏணியிலிருந்து இறங்கித் தலையைச் சொறிந்தார்.

"பாஸ், லைன் கிளியர் லா. இவங்கள யாரும் கூப்பிடல. அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் பாஸ் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். "இதுக்கு எந்த டவர நடுறது?"

அன்றுமுதல் தினமும் நாலு மணிக்கு மேசைக் கடிகாரம் அலறும். எந்தக் கூட்டமானாலும் எழுந்துவிடுவார். "ஹலோ, லைன் டெஸ்ட். கேக்குதா? முட்டி வலி எப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" பதினொரு போனுக்கும் பதினொரு டெஸ்ட். கூட்டத்துக்கு வந்த வங்கி மேலாளர் ஆறிய தே தாரிக் தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆள் போட்டுச் செய்யலாமே பாஸ்" என்றேன்.

"ஆள் போட்டுத்தான்யா அவங்க பிள்ளைங்களும் பார்த்துக்கிறாங்க."

போன மாதம் பாஸ் இறந்துபோனார். பத்திரிகையில் என் அஞ்சலி அரைப்பக்கம் வந்தது. கோபுரம் ஒன்று விடாமல் எழுதியிருந்தேன், டெஸ்ட்டை மறந்துவிட்டேன்.

எட்டாம் நாள் அவர் மேசையை ஒழுங்குசெய்துகொண்டிருந்தபோது கடிகாரம் அலறியது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பதினொரு எண்கள். முதலாவதை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தார் ராமையா.

"லைன் டெஸ்ட்" என்றேன்.

"பாஸ் போயிட்டாருன்னு சொன்னாங்க. இருந்தாலும் நாலு மணிக்கு எல்லாரும் போன கையில வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கோம்." பிறகு, "கொஞ்சம் சத்தமா பேசுங்க தம்பி. எங்களுக்குக் காது மந்தம். அவருக்குத் தெரியும்."

"சாப்பிட்டீங்களா?" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்தது. லைன் சரியில்லை என்று பாஸின் கோபுரத்தின் மேல் பழியைப் போட்டேன். இந்த ஒருமுறை அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.